மூன்றாம் அடுக்கு விசிறி

ஆகஸ்ட் 19, திங்கள்

முற்பகலில் பொறுப்பேற்றேன். கடலோர எச்சரிக்கை முகமை, தலைமை அலுவலகம், கடலூர். பதவியின் பெயர் தகவல் தொழில்நுட்ப வளத் தலைமை அலுவலர். அறைக் கதவில் முன்பிருந்தவரின் பெயர்ப் பலகை இன்னும் தொங்குகிறது. நாளைக்குள் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அறுபத்தொன்பது வயதில் ஒருத்தியை வீட்டிலிருந்து கூப்பிட்டு நாற்காலி கொடுக்கிறார்கள் என்றால், அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரச் சம்மதிக்கவில்லை என்று பொருள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

இயக்குநர் இளம்பரிதி என் மகளைவிட இளையவர். சுற்றி வளைக்காமல் பேசுகிறார். அது பிடித்தது.

"மேடம், வானிலை மையம் குடுக்கிற எச்சரிக்கைய மீனவங்க போனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது நம்ம வேலை. போன வருஷம் ரெண்டு தடவை லேட். இந்தப் பிரிவ நாமளே நடத்தறதா, வெளியில ஒரு கம்பெனிகிட்ட குடுத்துடறதான்னு நவம்பர் கடைசில முடிவு பண்ணியாகணும். அதுவரைக்கும் நீங்க ஓட்டிக் காட்டுங்க."

"கொடுத்துட்டா, இங்க இருக்கிறவங்க?"

"நிரந்தர ஸ்டாஃப வேற செக்ஷனுக்கு மாத்திடலாம். ஒப்பந்தத்துல இருக்கிறவங்க..." கையை விரித்தார்.

ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன். பார்க்கலாம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சர்வர் அறையைச் சோதித்தேன். இயந்திர அடுக்குகளுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தூக்கு. திறந்தால் தயிர்.

"யாருடையது?"

அலுவலக உதவியாளர் மாணிக்கவேலு முன்னால் வந்தார். "என்னுதுதாம்மா. இங்க ஏசி நல்லா இருக்கும். புளிக்காது."

இருபத்தாறு ஆண்டு அனுபவமாம் அவருக்கு. தூக்கைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பினேன்.

மற்றவை: ஓய்வு பெற்றுப் போன கண்காணிப்பாளரின் கடவுச்சொல்லில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அந்தக் கடவுச்சொல் திரையிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. கணக்கில் உள்ள மடிக்கணினிகளில் பாதி யார் வீட்டில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. வளம் என்ற சொல்லை இவர்கள் வாங்கிப் போட்ட பொருள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எது எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, நாளைக்கு வேலை செய்யுமா என்று தெரிந்தால்தான் அது வளம். ஆளுக்கும் அதுவே.

ஆட்களைப் பற்றி: உதவி நிரலர் தில்லைநாயகம், சிதம்பரத்துக்காரர். கோயிலில் தேவாரம் பாடுபவராம். கனமான, தெளிவான குரல். இவரை நம்பலாம். சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவள் ரஹ்மத் நிஷா, பரங்கிப்பேட்டை. ஒன்பது ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள். கெட்டிக்காரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் வாய்க்குள்ளேயே பேசுகிறாள். இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான். எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் ஃபிலோமினா ஒவ்வொருத்தியையும் மேடையில் நிறுத்தி, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு பேசச் சொல்வார். அங்கே கேட்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பெயர்ப் பலகை வந்தது. மனோன்மணி சதாசிவம். எழுத்து நேராக இல்லை. திருப்பி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 28, புதன்

இன்று முதல் ஒவ்வொரு புதனும் ஒத்திகை. கடலூரின் முதன்மை சர்வரை நாங்களே நிறுத்துவோம். சிதம்பரம் துணை அலுவலகத்தில் உள்ள மாற்று சர்வர் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். யார் எந்தப் பொத்தானை அழுத்துவது, யார் எந்த எண்ணுக்குப் பேசுவது என்று எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

முதல் ஒத்திகை படுதோல்வி. சிதம்பரத்து சர்வர் எழுந்திருக்கவே இல்லை. வாங்கி வைத்த நாளிலிருந்து அதை ஒருவரும் எழுப்பிப் பார்க்கவில்லையாம்.

தில்லைநாயகம் சிரித்தார். "கல்யாணம் நிச்சயமே ஆகாத வீட்டுல வாராவாரம் முகூர்த்தமா மேடம்?"

"நிச்சயம் ஆன பிறகு பந்தக்கால் தேடக் கூடாது பாருங்க, அதுக்குத்தான்" என்றேன்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நிஷா மட்டும் வாயைத் திறந்து, சத்தமில்லாமல் சிரித்தாள். அடக்கமான பெண்.

செப்டம்பர் 5, வியாழன்

நிஷா ஒரு விண்ணப்பத்தோடு வந்தாள். முதன்மை சர்வர் இருக்கும் மூன்றாம் அடுக்கில் ஒரு விசிறி உரசுகிறதாம். மாற்ற வேண்டுமாம்.

"எப்படித் தெரியும்?"

ஏதோ சொன்னாள். நிமிர்ந்து பேசு என்றேன். குரலை உயர்த்தி, "சத்தம் வருது மேடம். கிறீச்சுனு. பேரிங் போகப் போகுது" என்றாள்.

கோப்பை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் எனக்கில்லை. எழுந்து அவளோடு சர்வர் அறைக்குப் போனேன். மூன்றாம் அடுக்கின் முன் நின்று நன்றாகக் கவனித்தேன். ஒரு சத்தமும் இல்லை. மற்ற அறைகளைவிட அமைதியாக இருக்கிறது. விசிறி சுற்றுவதைக் கண்ணால் பார்த்தேன். வெப்ப அளவும் வரம்புக்குள்தான் இருந்தது.

"இப்பக் கேக்குதா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். விசிறியைப் பார்த்தாள். "கேக்குது மேடம்."

இல்லாத கோளாறுக்குப் புதுப்பொருள் கேட்கும் பழக்கத்தில்தான் அரசு அலுவலகங்கள் கெட்டுப்போயின. விண்ணப்பத்தில் "தேவையில்லை, நேரில் சோதிக்கப்பட்டது" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவள் விவாதிக்கவில்லை. விவாதித்திருந்தால் மதித்திருப்பேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

குக்கர் விசில் கெட்டுவிட்டது. சாதம் அடிப்பிடித்து, தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்து போனேன். நாளை விசிலையும் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து மகள் சுபத்ரா பேசினாள். தொலைபேசி இணைப்பு சரியில்லை. ஏதோ டாக்டர், ஏதோ டெஸ்ட் என்றாள். முழங்காலுக்காக இருக்கும். என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்றேன். பட்டென்று போனை வைத்துவிட்டாள். அவளுடைய அப்பா மாதிரி கோபம்.

செப்டம்பர் 9, திங்கள்

புது விசில் வாங்கிப் போட்டேன். அதுவும் மட்டம். கடைக்காரரைத் திட்டிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

எச்சரிக்கை இரண்டு வழிகளில் போகிறது. குறுஞ்செய்தி ஒன்று, குரல் அழைப்பு ஒன்று. ஆபத்து வரும்போது யாரும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், குரல்தான் முக்கியம். அந்தக் குரல் நிஷாவுடையதாம். முன்பே பதிவு செய்தது. "கடல் கொந்தளிப்பாக இருக்கும். கரை திரும்புங்கள்." இன்று கேட்டேன். தெளிவில்லை. சொற்களின் விளிம்பே இல்லை, பஞ்சில் சுற்றிய மாதிரி இருக்கிறது.

மறுபடி பதிவு செய்யச் சொன்னேன். மூன்று முறை செய்தாள். மூன்றும் அப்படியே.

தில்லைநாயகம் மெதுவாகச் சொன்னார். "மேடம், சாமியார்பேட்டை நாட்டார் இந்தக் குரலப் பத்தி என்ன சொன்னாருன்னு தெரியுமா? எங்க வீட்டம்மா கூப்பிட்டாக்கூட திரும்ப மாட்டோம், இந்தப் பொண்ணு கூப்பிட்டா திரும்பிடுவோம்னாரு."

நாட்டார் என்றால் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர். அவருடைய ரசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. தில்லைநாயகத்தைப் பதிவு செய்யச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். மழைக்காலத்துக்குள் நேரமில்லை. இருக்கட்டும்.

செப்டம்பர் 25, புதன்

ஒத்திகை. சிதம்பரம் சர்வர் முகம் சுளிக்காமல் எழுந்தது. சுவரில் ஒட்டியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் வேலை அவரவர் கையில் இருந்தது. மாணிக்கவேலுகூடத் தன் பங்குக்கு ஜெனரேட்டர் அறைச் சாவியோடு தயாராக நின்றார்.

பழைய கண்காணிப்பாளரின் கடவுச்சொல் இன்று ஒழிந்தது. காணாமல் போயிருந்த மடிக்கணினிகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. ஒன்றில் கல்யாண வீடியோ நிறைய இருந்தது. திருப்பிக் கொடுத்தவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

இயக்குநர் வந்து எட்டிப் பார்த்தார். "மேடம், கம்பெனிக்காரங்க வாரம் ஒரு தடவ போன் பண்றாங்க" என்றார். "அவங்களையும் ஒரு புதன்கிழமை வரச் சொல்லுங்க" என்றேன்.

அக்டோபர் 10, வியாழன்

ஆயுத பூஜை நாளைதான். ஆனால் நாளை விடுமுறை என்பதால் அலுவலகப் பூஜை இன்றே. நான் முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தேன். சர்வர் அறைக் கதவுக்கு மாலை போடலாம், கதவில் சந்தனம் குங்குமம் வைக்கலாம். உள்ளே நெருப்பு கூடாது. கற்பூரம் கூடாது. இயந்திரங்களின் காற்றுத் துளைகளில் சந்தனம் கூடாது. போன வருடம் பூசிய சந்தனத்தை நான் வந்த பிறகு நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

எல்லோரும் கூடத்தில் பொரி, கடலை பங்கிட்டுக்கொண்டிருந்தபோது, யாராவது மறுபடி பூசிவிட்டார்களா என்று பார்க்க நான் மட்டும் உள்ளே போனேன். கதவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து ஒவ்வொரு அடுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பிராணி வாசனை வந்தது. கூடத்திலிருந்து வருகிறது என்று நினைத்தேன்.

திடீரென்று யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் நிஷா. தலைத் துணி நழுவியிருக்கிறது, வாய் ஏதோ கத்துகிற மாதிரி அசைகிறது. நான் உதறினேன். அவள் விடவில்லை. என்னை, இந்த அலுவலகத்தின் பிரிவுத் தலைவியை, எல்லோர் முன்பும் தரதரவென்று வெளியே இழுத்து வந்தாள். கதவுக்கு அருகே சுவரில் இருக்கும், தீயணைப்பு வாயுவை நிறுத்தும் பொத்தானைத் தில்லைநாயகம் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

நடந்தது இதுதான். நான் நெருப்பு என்றும் கற்பூரம் என்றும் எழுதினேன். சாம்பிராணி என்று எழுதவில்லை. மாணிக்கவேலு தூபக்காலை எடுத்துப்போய், வழக்கம்போல, வாசலிலிருந்து ஒரு விசிறு விசிறியிருக்கிறார். கூரையில் இருக்கும் புகை உணர்கருவிக்குச் சாம்பிராணி எது, தீ எது என்று தெரியாது. முதலில் எச்சரிக்கை ஊதல் ஒலிக்கும். பிறகு தீயணைப்பு வாயு அறையை நிரப்பும். உள்ளே இருப்பவர் அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

"நம்ம பொழைப்பே அதுலதாம்மா ஓடுது. அதுக்குத் தூபம் காட்டாம எப்பிடிம்மா?" என்று மாணிக்கவேலு அழுதார். அவரை நான் திட்டவில்லை. எழுத்து மூல உத்தரவு முழுமையாக இருக்க வேண்டும்.

ஆனால் எச்சரிக்கை ஊதல் ஒலிக்கவே இல்லை. ஒலித்திருந்தால் நானே வெளியே வந்திருப்பேன். யாரும் என் கையைத் தொட வேண்டிய அவசியம் இருந்திருக்காது. பராமரிப்பு நிறுவனத்துக்குக் கடுமையாக ஒரு மெமோ அனுப்பினேன்.

அக்டோபர் 14, திங்கள்

பராமரிப்பு நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். ஊதல் நன்றாக இருக்கிறது என்றார். நன்றாக இல்லை என்றேன். ஏணி போட்டு ஏறி, எங்கள் எல்லோரையும் அறைக்குள் நிற்க வைத்துச் சோதனைப் பொத்தானை அழுத்தினார்.

தில்லைநாயகம் காதைப் பொத்திக்கொண்டார். மாணிக்கவேலு பொத்திக்கொண்டார். நிஷா என்னைப் பார்த்துக்கொண்டே பொத்திக்கொண்டாள்.

நானும் பொத்திக்கொண்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

சர்வர் அறைக்கு வெளியிலும் என் அறையிலும் சுழலும் சிவப்பு விளக்கு பொருத்த ஆணையிட்டேன். புகைக்கு மட்டுமல்ல, இயந்திரம் சூடானாலும் சுழல வேண்டும். எல்லாப் பணியாளர்களின் பாதுகாப்பையும் முன்னிட்டு.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. சுபத்ரா வந்திருக்கிறாள். டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தாள். நான் கூட்டிக்கொண்டே இருந்தேன்.

மதியம் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து, உதட்டை அழுத்தமாக அசைத்துப் பேசினாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல.

"அம்மா. அப்பாவுக்கு நீ என்ன சொல்லுவ, ஞாபகம் இருக்கா?"

"என்ன சொல்லுவேன்?"

"ஒருதரம்தான் சொல்லுவேன்னு சொல்லுவ."

அவருக்குக் கடைசி ஆண்டுகளில் எதையும் இரண்டு தடவை கேட்கும் பழக்கம் இருந்தது. என்ன, என்ன என்று. அவருக்கு வாங்கிய செவிக்கருவி இன்னும் மேஜை இழுப்பறையில், அதன் பெட்டியிலேயே இருக்கிறது. ஒரு மாதம்கூட அவர் போட்டுக்கொள்ளவில்லை. ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று நான் கேட்டதும் இல்லை.

சுபத்ராவுக்கு அதிரசம் பிடித்திருந்தது.

நவம்பர் 6, புதன்

ஒத்திகை. ஒழுங்காக நடந்தது. மழை பிடித்துக்கொண்டது.

நவம்பர் 14, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் நான் வருவதற்குள் வானிலை மையத்தின் செய்தி வந்துவிட்டது. தாழ்வு மண்டலம் நினைத்ததைவிட வேகமாக நகர்கிறது. மதியத்துக்குள் கடல் மூர்க்கமாகும். நேற்று மாலை வரை இந்தச் செய்தி இல்லாததால், விடியலில் ஃபைபர் படகுகள் கடலுக்குப் போய்விட்டன. கரையிலிருந்து தொலைபேசி எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் யாராவது கூப்பிட்டால்தானே திரும்புவார்கள்.

குரல் அழைப்புகளைத் தொடங்கினோம். வடக்கிலிருந்து ஒவ்வொரு ஊராகப் போய்க்கொண்டிருந்தது. திரையில் எண்கள் பச்சையாக மாறுவதைப் பார்த்துக்கொண்டு என் அறையில் நின்றேன். புதுக்குப்பம் வரை பச்சை. அதற்குக் கீழே சாமியார்பேட்டை, மற்ற ஊர்கள். அப்போது என் மேஜைக்கு மேல் சிவப்பு விளக்கு சுழன்றது. அதை முதலில் பார்த்தது நான்தான்.

சர்வர் அறைக்குப் போனேன். மூன்றாம் அடுக்கில் விசிறி நின்றிருந்தது. சுற்றவே இல்லை. கண்ணால் பார்த்தேன். அடுக்கின் மேல் கையை வைக்க முடியவில்லை. நிஷா பக்கக் கதவைக் கழற்றி, ஒரு மேஜை விசிறியை அதற்கு நேராகத் திருப்பிக்கொண்டிருந்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதன்மை சர்வர் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. திரையில் பாதி ஊர்கள் சாம்பல் நிறம்.

அந்த ஊர்களின் படகுகள் எல்லாம் கடலில்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி ஒரே சொல் சொன்னேன்.

"புதன்கிழமை!"

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தில்லைநாயகம் சிதம்பரத்தைக் கூப்பிட்டார். நிஷா மேஜை விசிறியை விட்டுவிட்டு இணைப்பை மாற்ற ஓடினாள். மாணிக்கவேலு ஜெனரேட்டர் சாவியோடு படி இறங்கினார். யாரும் யாரையும் கேட்கவில்லை. சாம்பல் நிற ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாயின. சாமியார்பேட்டை கடைசிக்கு முந்தியது.

மதியத்துக்கு மேல் காற்று ஜன்னல்களை உலுக்கியது. யாரும் சாப்பிடப் போகவில்லை. தில்லைநாயகம் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். நிஷா ஜன்னலிலிருந்து நகரவில்லை. அவளுடைய தாய்மாமன் படகும் போயிருக்கிறது என்று மாணிக்கவேலு என் காதருகில் வந்து சொன்னார். காலையிலிருந்து அவள் அதை யாரிடமும் சொல்லவில்லையாம்.

பிற்பகலில் சாமியார்பேட்டை நாட்டார் பேசினார். அடிவயிற்றிலிருந்து வரும் குரல், அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா, கடைசி போட்டும் கரை ஏறிடுச்சும்மா. அந்தப் பொண்ணுக்குச் சொல்லுங்க. அதோட மாமன் என் பக்கத்துலதான் டீ குடிக்கிறாரு. போன்ல இந்தப் புள்ள குரல் வந்ததும் வலைய அறுத்துப் போட்டுட்டுத் திரும்பிட்டேன்னாரு."

நிஷா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நவம்பர் 15, வெள்ளி

நேற்றைய நிகழ்வு பற்றி இயக்குநருக்கு அறிக்கை போக வேண்டும். நிஷா வரைவு எழுதி வந்தாள். "எதிர்பாராத இயந்திரக் கோளாறு காரணமாக" என்று தொடங்கியிருந்தது.

"எதிர்பாராத என்பது தப்பு" என்றேன். "நீ எதிர்பார்த்த. எழுதியும் குடுத்த."

பக்கத்தில் வந்து நின்று, நன்றாகக் கேட்கும்படி சொன்னாள். "வேணாம் மேடம். அப்படி எழுதினா கம்பெனிகிட்ட குடுக்க அதுவே காரணமாயிடும். எனக்கு இந்த வேல வேணும். எங்களுக்கெல்லாம் வேணும்."

"உனக்கு வேல வேணும்னு தெரியும். தப்பான அறிக்கைல என் கையெழுத்து இருக்காதுன்னும் தெரிஞ்சுக்கோ."

அந்தச் சொல்லை அடித்தேன். கோளாறு முன்பே தெரிவிக்கப்பட்டது, தலைமை அலுவலர் மறுத்தார் என்று என் கையால் எழுதினேன். நானே எடுத்துப்போய்க் கொடுத்தேன்.

இயக்குநர் இரண்டு முறை படித்தார்.

"ஏன் மறுத்தீங்க மேடம்?"

"நேர்ல போய் நின்னு கேட்டேன். எனக்குச் சத்தம் வரல."

அதற்குமேல் ஒரு வார்த்தையும் அறிக்கையில் சேர்க்க வேண்டியதில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ மெதுவாகச் சொன்னார். மறுபடி சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு துண்டுத் தாளை எடுத்து எழுதி என் பக்கம் நகர்த்தினார். புதுச்சேரியில் ஒரு டாக்டர். அவருடைய அம்மாவுக்குப் பார்த்தவராம். கையெழுத்து கோணல். ஆனால் படிக்க முடிந்தது.

நவம்பர் 16, சனி

விசிறி வந்தது. மாற்றியாயிற்று.

நவம்பர் 19, செவ்வாய்

அரை நாள் விடுப்பு. சொந்த வேலை. சுபத்ரா கோயம்புத்தூரிலிருந்து வந்து கூடவே புதுச்சேரிக்கு வந்தாள். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். பல நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லை.

டாக்டர் ஒரு படம் காட்டினார். கோடு பாதி தூரம் நேராகப் போகிறது, பிறகு மலைச்சரிவு மாதிரி விழுகிறது. கனமான குரல்கள் கேட்கும், கீச்சென்ற சத்தங்களும் பெண்கள் குரலும் சரிவில் போய்விடும் என்றார். நாலைந்து வருடமாக இருக்கலாமாம்.

வரைபடம் தெளிவாக இருந்தது. நான் மறுத்துப் பேச இடமில்லை.

நவம்பர் 29, வெள்ளி

இயக்குநர் கோப்பை மூடினார். வெளி நிறுவனத்துக்குக் கொடுப்பதில்லை. பிரிவு இங்கேயே இருக்கும். ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும்.

"விசிறி நின்னதுதான் காரணம் மேடம்" என்றார். "நின்ன பிறகும் எச்சரிக்கை போச்சே. எந்தக் கம்பெனியும் எனக்கு அதச் செஞ்சு காட்டல. அப்புறம் உங்க அறிக்கை. வெளியில குடுத்தா அப்படி ஒரு வரி எனக்கு யாரும் எழுதித் தர மாட்டாங்க."

நான் ஒரு உத்தரவில் கையெழுத்து வாங்கினேன். சர்வர் அறை உதிரிப் பொருள்களுக்கு இனித் தலைமை அலுவலரின் ஒப்புதல் வேண்டாம். அந்த அறையில் வேலை செய்பவரே தீர்மானிக்கலாம். என் பதவிக்கு இது குறைவுதானே என்று இயக்குநர் கேட்டார். வளத்தை அது இருக்கும் இடத்தில் வைப்பதுதான் என் பதவி என்றேன்.

மாலையில் புதுச்சேரியிலிருந்து பொட்டலம் வந்தது. சிறிய பொருள், இரண்டு. சுபத்ராவின் அப்பாவுடைய செவிக்கருவிப் பெட்டியை இழுப்பறையின் பின்புறம் நகர்த்திவிட்டு, இதை முன்னால் வைத்தேன். பிறகு, இழுப்பறையில் வைப்பதற்கு வாங்கவில்லையே என்று வெளியே எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 2, திங்கள்

காலையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக் கடிகாரம் ஓடுகிறது. சேலை நடக்கும்போது உராய்கிறது. குக்கர் விசில் நல்ல விசில். கடைக்காரரைத் திட்டியது அதிகம்.

அலுவலகத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தலைமுடியை வழக்கத்தைவிடச் சற்றுத் தாழ்த்தி வாரியிருந்தேன். மாணிக்கவேலு பின்னால் நின்று தில்லைநாயகத்திடம், "அம்மா இன்னிக்கு ஒரு மாதிரி இருக்காங்கல்ல?" என்று கிசுகிசுத்தார்.

"ஒரு மாதிரியும் இல்ல" என்றேன், திரும்பாமலே. தூக்கைக் கையிலிருந்து நழுவவிட்டார். தயிர்தான். மறுபடியும்.

நிஷாவின் பதிவை எடுத்துக் கேட்டேன். "கடல் கொந்தளிப்பாக இருக்கும். கரை திரும்புங்கள்." ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, விளிம்போடு. இரண்டு முறை கேட்டேன். மறுபதிவுக்கான என் குறிப்பை ரத்து செய்தேன்.

பிறகு சர்வர் அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் நின்றுவிட்டேன். அமைதியான அறை என்று செப்டம்பரில் எழுதியிருக்கிறேன். அது மில் மாதிரி இரைகிறது. நிஷா அடுக்குகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். என் காதைப் பார்த்தாள். உடனே வேறு பக்கம் பார்த்தாள்.

நான் ஒவ்வொரு அடுக்கின் முன்னும் நின்று கவனித்தேன். ஐந்தாம் அடுக்கில் மெல்லிய கிறீச்.

"இந்த விசிறி உரசுது" என்றேன். "உனக்குக் கேக்கல?"

அவள் அருகில் வந்து தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டாள்.

"நீங்க சொன்னப்புறம்தான் மேடம் கேக்குது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த இரைச்சலையும் மீறி, கலகலவென்று, அறை முழுக்க. இந்தப் பெண் சிரித்தால் சத்தம் வரும் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

அவள் மேஜையில் ஐந்தாம் அடுக்குக்கு என்று பெயர் ஒட்டிய புது விசிறி ஒன்று தயாராக இருந்ததைப் பார்த்தேன். இருந்தாலும் பதிவேட்டில் நானே எழுதினேன்: கோளாறைக் கண்டறிந்தவர், மனோன்மணி சதாசிவம்.